திருஷ்டி பொம்மைக்கு மீசை முறுக்கிய கதை

"மீசை இடது பக்கம் தூக்கிடுச்சு. கோவமா இருக்கவேண்டிய மூஞ்சிடா இது, பொண்ணு பார்க்கக் கிளம்பின மாதிரி இருக்கு!"

பெரம்பூரில் ஒரு மொட்டை மாடி. ராத்திரி பதினொன்று தாண்டிவிட்டது. தரை முழுக்க விரித்த காடாத் துணியில் ஒரு ராட்சத முகம் மல்லாந்து கிடக்கிறது. முட்டைக் கண், துருத்திய கோரைப் பல், கன்னமெல்லாம் நீலம். புதுவீடு கட்டுகிற இடத்தில் கண்ணேறு படாமல் தொங்கவிடுவார்களே, அந்தத் திருஷ்டி பொம்மையின் முகம்தான் சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் சின்னம். சின்னத்தை அச்சு அசலாகப் போடாமல், நம் தெருக்களில் பார்க்கிற பொம்மைக்கு இருக்கும் முறுக்கு மீசையைக் கூடுதல் கெத்தாக வைப்பதென்று பசங்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நாளைக்கு, 2024 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை, நேரு ஸ்டேடியத்தில் கேரளா பிளாஸ்டர்ஸோடு ஆட்டம். அதற்குள் மீசை காய வேண்டும்.

சீசன் முழுக்க டிக்கெட் எடுத்து, உட்கார்ந்து, கத்தி, தொண்டை கட்டி வீடு திரும்புகிற ரசிகை நான். கேலரியில் அந்தப் பெரிய துணி திடீரென்று அலையாக எழும்பும்போதெல்லாம், இதை யார் செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள், எப்படி உள்ளே கொண்டுவருகிறார்கள் என்று மண்டை குடையும். இந்த முறை என்னையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாங்க, நீங்களும் வாங்க. செருப்பைக் கழற்றிவிட்டு, துணி ஓரமாகவே நடங்க. கறுப்பு இன்னும் ஈரம்.

மாடியின் நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் இன்றைய ராஜா. அறுபது கடந்தவர், சினிமா பேனர் வரைந்தவர். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன், மவுண்ட் ரோட்டில் ஆள் உயரத்துக்கு மூக்கும் பனைமர உயரத்துக்கு ஹீரோவும் நின்ற காலத்தில் சாரத்தில் ஏறி வரைந்த கை. பசங்களில் ஒருவனின் தாத்தா. கால்பந்தில் ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஆனால் மூக்கு எங்கே முடிந்து மீசை எங்கே தொடங்க வேண்டும் என்பதில் ஒரு விரற்கடை விட்டுக்கொடுக்க மாட்டார்.

சாயங்காலம் அவர் நூல் அடித்ததைப் பார்த்திருக்க வேண்டும். சின்னப் படத்தில் பென்சிலால் கட்டம் போட்டாயிற்று. பேப்பரில் ஓர் அங்குலம், துணியில் ஓர் அடி. நீலப்பொடி தடவிய நூலை இரண்டு பசங்கள் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க, தாத்தா நடுவில் குனிந்து இரண்டு விரலால் நூலைத் தூக்கி விடுகிறார். 'டப்'. துணியில் பளிச்சென்று நேர்கோடு. மறுபடி 'டப்'. கொஞ்ச நேரத்தில் மாடி முழுக்கக் கட்டம். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆள். பேப்பர் கட்டத்தில் என்ன கோடு இருக்கிறதோ அதையே பெரிதாக வரைய வேண்டும். தான் வரைவது கண்ணா காதா என்று அவனுக்கே தெரியாது.

"எந்த ஸ்டார் மூஞ்சியா இருந்தாலும் இப்படித்தாம்மா மேல ஏறிச்சு" என்கிறார் தாத்தா, கறுப்பில் தண்ணீர் கலந்துகொண்டே. பெயிண்டைத் தண்ணியாக அடிக்கச் சொல்லி அதட்டுகிறார். கெட்டியாக அடித்தால் மடிக்கும்போது வெடித்து உதிருமாம். கனமும் கூடும். தூக்குகிறவன் கை விட்டுப்போகும்.

அப்போதுதான் அந்தச் சம்பவம். வங்கியில் வேலை பார்க்கும் தம்பி, ஆபீஸ் சட்டையைக் கொடியில் மாட்டிவிட்டு பனியனோடு ஓடிவந்தவன், நேராகக் கோரைப் பல்லில் காலை வைத்துவிட்டான். வெள்ளைப் பல் நடுவில் நீல நிறத்தில் ஐந்து விரல். ஒரு நொடி மாடியே மௌனம். பிறகு யாரோ, "விடுங்கடா, சொத்தைப் பல்" என்று சொல்ல, சிரித்துச் சிரித்து ஒருவன் தண்ணீர் டேங்க் மேலேயே சாய்ந்துவிட்டான். கீழ்வீட்டிலிருந்து அம்மாவின் குரல்: "டேங்க்ல பெயிண்ட் விழுந்துச்சு, நாளைக்கு எவனுக்கும் குளிக்கத் தண்ணி கிடையாது!" குரலுக்குப் பின்னாலேயே ஒரு தூக்கு எலுமிச்சை சாதமும் மேலே வந்தது. எல்லார் கையும் நீலம், கறுப்பு. தாத்தாதான் உருண்டை உருட்டி ஒவ்வொருத்தன் வாயிலும் போட்டார்.

மீசையை விடிகாலையில் தாத்தாவே சரி செய்தார். இரண்டு பெடஸ்டல் ஃபேன் ராவெல்லாம் ஓடியது.

மறுநாள் மதியம் துணியைச் சுருட்டி குட்டியானையில் ஏற்றுகிறோம். சுருட்டுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தாடைப் பக்கத்திலிருந்து தொடங்கினால்தான் கேலரியில் நெற்றி முதலில் மேலே போகும். தப்பாகச் சுருட்டினால் பொம்மை தலைகீழாக எழும்பும். பார்க்கிற பிளாஸ்டர்ஸ் பசங்கள் அதையே பாட்டாக்கிவிடுவார்கள். ஆகவே சுருட்டின பிறகு நுனியில் மார்க்கரால் 'நெத்தி' என்று எழுதி, அடிக்கோடும் போடுகிறார்கள்.

வண்டியின் பின்பக்கம், டிரம்களுக்கு நடுவே என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணன், 2014-இல் கிளப் தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவர். மார்கோ மட்டராஸி பயிற்சியாளராக வந்திறங்கியபோது, உலகக் கோப்பை வென்ற மனுஷன் நம் ஊர்க் கேலரிக்குக் கையாட்டுகிறாரே என்று தூக்கம் வராமல் கிடந்ததைச் சொல்கிறார். 2015-ஐப் பற்றிச் சொல்லும்போது குரல் மாறுகிறது. டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடக்க, நம் ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. பிறகு கோவாவில் இறுதியாட்டம். முடியப் போகும் நேரத்தில் 2-1 என்று பின்தங்கிய அணி, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் பெற்று 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. வெற்றி கோல் மெண்டோசா. "வீட்ல கரண்ட் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. செவுத்துல தண்ணி நின்ன கோடு அப்படியே இருக்கு. அந்தக் கோட்டுக்குக் கீழ உக்காந்துதான் பார்த்தோம்." அதற்கு மேல் அவர் பேசவில்லை. டிரம்மின் வாரை இறுக்குகிறார்.

அந்த டிரம்முக்கும் கதை உண்டு. கொரோனாவால் 2020 மார்ச்சில் இறுதியாட்டமே காலி கேலரிகளுக்கு நடுவே நடந்தது. ஏடிகேவிடம் 3-1 தோல்வி. அடுத்த இரண்டு சீசனும் எல்லா ஆட்டமும் கோவாவிலேயே நடந்ததால் டிரம் கட்டிலுக்கு அடியில் போனது. எலி கடித்த தழும்பை விரலால் தடவிக் காட்டுகிறார் அண்ணன். அந்த இடத்தில் நீல டேப் ஒட்டியிருக்கிறது.

சென்ட்ரலைத் தாண்டி, ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் திரும்பியதும் பெரியமேடு. இந்த வட்டாரமே ஒரு விளையாட்டுச் சந்தை. சைடன்ஹாம்ஸ் ரோட்டில் வலையில் கட்டித் தொங்கும் பந்துகள், கண்ணாடிக்குள் வரிசையாகக் கோப்பைகள், தோல் வாசனை, நடுவில் பிரியாணி வாசனை. ஆட்ட நாள் என்பதால் ஒரு பக்கம் நீலச் சட்டை, இன்னொரு பக்கம் மஞ்சள் சட்டை. கேரளத்து ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். அதனால் மஞ்சள் கூட்டம் மதியமே வந்து டீக்கடையை நிரப்பிவிட்டது. எங்கள் வண்டியைப் பார்த்ததும் ஒரு மஞ்சள் சட்டை, சுருட்டிய துணியைத் தட்டிப் பார்த்து, "என்ன சேட்டா, பந்தலா?" என்று கேட்கிறான். "ராத்திரி பாரு" என்கிறான் வங்கித் தம்பி. அவன் பாதத்தில் நீலம் இன்னும் போகவில்லை.

கேட்டில்தான் உண்மையான ஆட்டம். தீப்பெட்டி கூடாது, தண்ணீர் பாட்டில் கூடாது, சில்லறைக் காசுகூட நிறைய இருந்தால் கேள்வி. மூங்கில் கொம்புக்கு வாய்ப்பே இல்லை. அதனால் கொடிகளுக்கெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான். துணியைப் பாதி விரித்துக் காட்டச் சொல்கிறார்கள். விரித்ததும் முட்டைக் கண் ஒன்று வெளியே வருகிறது. பெண்கள் வரிசையில் என் பையைத் துழாவிக்கொண்டிருந்த காவலர் அக்கா அப்படியே நின்றுவிட்டார். "யாரும்மா வரைஞ்சது? எங்க வீட்டு வேலை நடக்குது. மேட்ச் முடிஞ்சதும் குடுத்துட்டுப் போங்களேன்!"

இனிமேல்தான் நான் காத்திருந்த இடம். துணி கட்டுகிறவர்களுக்குக் கழுத்து அட்டை உண்டு. அதில் ஒன்று இன்று என் கழுத்தில். உள்ளே நுழைகிறோம்.

ஆள் இல்லாத ஸ்டேடியம்! நாற்காலிகள் வரிசை வரிசையாகச் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. காக்கா ஒன்று சென்டர் சர்க்கிளில் உலாவுகிறது. தண்ணீர் தெளிப்பான் சுற்றிச் சுற்றி அடிக்க, புல்லின் ஈர வாசனை மேல்வரிசை வரை வருகிறது. ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருப்பதால் கேலரிக்கும் கோல் கம்பத்துக்கும் நடுவே நல்ல தூரம். டிவியில் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. இங்கே கத்துகிற கத்தல் அந்தப் பாதையைக் கடந்து போய் ஆட்டக்காரன் காதில் விழ வேண்டும். இவ்வளவு டிரம் ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

களத்தில் இரண்டு பேர் கோல் வலையை முடிச்சுப் போடுகிறார்கள். ஒருவர் கம்பத்தின் மேல் கொக்கிகளைச் சரிபார்க்க, இன்னொருவர் கீழே படுத்துக்கொண்டு, வலைக்கும் புல்லுக்கும் நடுவில் கை நுழைகிறதா என்று பார்க்கிறார். நுழைந்தது. மறுபடி அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். கோடு போடும் வண்டியைத் தள்ளுகிற பெரியவரின் கணுக்கால் வரை வெள்ளை. கார்னரில் அந்தக் கால் வட்டத்தை வளைக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். முடித்துவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்து, "கோட்டை மிதிச்சீங்கன்னா தெரியும் சேதி" என்றார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கோடு இருபது அடி தள்ளியிருந்தது.

இதே மண்ணில் ஒரு காலத்தில் கிரிக்கெட் டெஸ்ட் நடந்தது தெரியுமா? கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்ற பெயரில் இருந்தபோது, 1956 ஜனவரியில் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் சேர்த்த இடம் இது. கால்பந்துக்காரர்கள் இந்தக் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கென்னவோ, இவ்வளவு பேர் இவ்வளவு காலம் கத்திய இடத்தில் நிற்கிறோம் என்பதே புல்லரிக்கிறது.

ஒரு தன்னார்வலர் தம்பி விரலை உதட்டில் வைத்தபடி கூப்பிடுகிறார். "ரெண்டே நிமிஷம்கா. போட்டோ கிடையாது." நடைபாதையில் நுழைகிறோம். சுவரோரம் ஐஸ் பெட்டிகள், மடித்த டவல் மலை, பாதி குடித்த டீ கப்புகள், எங்கோ ஒரு வாக்கிடாக்கி தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது. திறந்த கதவு வழியே நீலம். ஜெர்சிகளை வரிசையாக மாட்டிக்கொண்டிருக்கிறார் ஒருவர். முதுகில் பெயர் தெரியும்படி ஒவ்வொன்றையும் திருப்பி, தோள் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி, இரண்டடி பின்னால் வந்து பார்த்து, மறுபடி போய் நீவுகிறார். கீழே காலுறைகள் ஜோடி ஜோடியாக. சில ஜோடிகளுக்குப் பாதமே இல்லை. கத்தரித்து எடுத்திருக்கிறார்கள்! ஆட்டக்காரர்கள் சிலருக்குத் தங்களுக்குப் பழகிய பிடிமானக் காலுறைதான் வேண்டுமாம். அணிக் காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டு, மேல்பகுதியை மட்டும் முழங்காலுக்கு ஏற்றி, நடுவில் டேப் சுற்றிக்கொள்வார்கள். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், தெரியவே தெரியாது. இனி டிவியில் எவர் காலைப் பார்த்தாலும் டேப்பைத்தான் தேடுவேன்.

தைல வாசனை மூக்கைத் துளைக்கிறது. யாரோ உள்ளேயிருந்து சத்தமாக இந்திப் பாட்டு வைக்கிறார்கள், யாரோ குறைக்கச் சொல்கிறார்கள், இன்னும் கூட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம் முடிந்தது.

வெளியே வந்தால் பந்து பொறுக்கும் பசங்களுக்கு ஒத்திகை. பத்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள், முழங்கால் வரை தொங்கும் பிப். நம் அணி முன்னிலையில் இருந்தாலும் பந்தை மெதுவாக எடுத்துவரக் கூடாது என்று பொறுப்பாளர் சொல்ல, ஒரு குட்டிப் பையன் கையைத் தூக்குகிறான். "சார், கேரளாக்காரங்க ஜெயிச்சிட்டிருந்தா?" "அப்பவும் அதே வேகம்தான்டா." பையன் முகத்தில் இதற்கு ஒப்புதலே இல்லை.

அவன் வியாசர்பாடி. சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது. நிமிராமல் என்ன செய்யும்? தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் எல்லாம் வடசென்னை கொடுத்த பிள்ளைகள். 2018 அரையிறுதியில் இதே ஸ்டேடியத்தில் எஃப்சி கோவாவை 3-0 என்று சாய்த்தபோது ஒரு கோல் கணேஷுடையது, மற்ற இரண்டும் ஜெஜேவுடையவை. அதற்கு நான்கு நாள் கழித்து பெங்களூரில் போய் அவர்கள் ஊர்க் கூட்டத்துக்கு முன்னாலேயே 3-2 என்று இரண்டாவது கோப்பை. பையன் அப்போது குழந்தை. ஆனாலும் மெய்ல்சன் தலையால் முட்டிய இரண்டு கோலையும் எங்களுக்கு நடித்துக் காட்டினான். பிப் முகத்தை மூடிக்கொண்டது.

"எடுத்துக் குடுக்கும்போது அவங்க கை பட்டா, அன்னைக்கு ஃபுல்லா கை கழுவ மாட்டேன்கா."

சாயங்காலம் இருட்டுகிறது, விளக்குகள் ஏறுகின்றன, கேட் திறக்கிறது. சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று ரசிகர் கூட்டங்கள் அவரவர் இடத்தில் கொடி கட்டுகிறார்கள். எங்கள் துணியை வரிசைக்கு வரிசை ஆள் வைத்துப் பிடித்தாயிற்று. யாரும் இழுக்கக் கூடாது, தலைக்கு மேல் தள்ள வேண்டும், அவ்வளவுதான் பாடம். முன்வரிசைக் கம்பித் தடுப்பில் ஏறி நிற்கிறார், லீட் கொடுக்கிற அண்ணன். வண்டியில் என்னோடு வந்தவர்தான்.

அணிகள் வெளியே வருகின்றன. கேப்டன் ரையன் எட்வர்ட்ஸின் தலை தெரிந்ததும் அண்ணன் கை இறங்குகிறது. "ஏத்து!"

துணிக்கு அடியில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றுமே தெரியாது! நீல வெளிச்சம், பெயிண்ட் வாடை, பக்கத்து ஆளின் வியர்வை, மேலே தள்ளும் நூறு கை. வெளியே கூட்டம் ஆர்ப்பரிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. "நெத்தி போயிடுச்சா? நெத்தி போயிடுச்சா?" என்று ஒருவன் கதறுகிறான். என் தலைக்கு நேர் மேலே அந்த ஐந்து விரல் பாதம். விளக்கு வெளிச்சம் அதன் வழியே ஊடுருவி வருகிறது. வரைந்தவர்கள் யாரும் தாங்கள் வரைந்ததைப் பார்க்கவில்லை. எதிர்க் கேலரியிலிருந்து ஒருவர் எடுத்த வீடியோவில்தான் பிறகு பார்த்தோம். மீசை ஜோர்!

ஆட்டம் தொடங்கியதும் லீட் கொடுக்கிற அண்ணன் திரும்பவே இல்லை. களத்துக்கு முதுகு, எங்களுக்கு முகம். இத்தனை நாளும் நான் அவரைப் பார்த்தும் இதை யோசித்ததில்லை. மனுஷன் ஆட்டத்தையே பார்ப்பதில்லை! எங்கள் முகத்தில்தான் பார்க்கிறார். நாங்கள் எழுந்தால் பந்து பெட்டிக்குள் வந்துவிட்டதென்று அர்த்தம், தலையில் கை வைத்தால் வெளியே போய்விட்டதென்று அர்த்தம். அதற்கேற்ப டிரம்மைக் கூட்டுகிறார், குறைக்கிறார். கோச் ஓவன் கோயில் கோட்டோரம் குதிப்பதைக்கூட எங்கள் சிரிப்பை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

முதல் பாதி கோல் இல்லை. இடைவேளையில் அவருக்கு வெந்நீர் கொடுத்தேன். குரல் ஏற்கெனவே அரைக்கட்டை. "பசங்க நல்லா ஆடுறாங்களா?" என்று என்னைக் கேட்டார். "நல்லா ஆடுறாங்கண்ணா." "உங்க மூஞ்சில தெரிஞ்சுது."

அறுபதாவது நிமிடம். இடது பக்கத் தடுப்பாட்டக்காரர் ஆகாஷ் சங்வான் மேலே ஏறி வந்திருந்தார். நான் பந்தைப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்துவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். அவர் கண் எங்கள் வரிசைகள் மேல் ஓடுகிறது. புருவம் ஏறுகிறது. வாய் பாதிச் சொல்லில் நிற்கிறது. என் பின்னால் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெடித்தது அவர் முகத்தில் விழுந்தது. கம்பியிலிருந்து குதித்து முன்வரிசை ஆட்கள் மேலேயே விழுந்தார். "யாரு? யாரு?" என்று கேட்கிறார், கட்டிப்பிடித்தபடியே. "சங்வான்ணா! சங்வான்!" 1-0.

அப்புறம் எங்கே உட்காருவது? கடைசிக் கட்டத்தில் அங்கித் முகர்ஜிக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு தாக்குப்பிடிக்க வேண்டும். மஞ்சள் கூட்டம் எழுந்து கர்ஜிக்கிறது. பந்து எங்கள் பக்கக் கோட்டைத் தாண்டி உருள, அந்த வியாசர்பாடிப் பையன் ஓடிப் போய் எடுத்தான். சொல்லிக் கொடுத்த அதே வேகம். நேராகப் பிளாஸ்டர்ஸ் ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, பிப்பால் முகத்தை மூடிக்கொண்டான். விசில் ஊதும்வரை எடுக்கவில்லை.

ஊதினார்கள். மூன்று புள்ளி நமக்கு.

எல்லாரும் கிளம்பிய பிறகுதான் பாதி வேலை. நாற்காலிகளுக்கு இடையில் மாட்டிய துணியை உருவுகிறோம். ஓர் ஓரம் கிழிந்திருக்கிறது, காது போய்விட்டது. துப்புரவு அக்காக்கள் சாக்குப் பையோடு மேல்வரிசையிலிருந்து இறங்கி வருகிறார்கள். காகிதக் கப், பாப்கார்ன், ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்பு ஒவ்வொரு மேட்சுக்கும் கிடைக்குமாம். ஜெயித்தால் இரண்டு மூன்று கூடக் கிடைக்கும் என்கிறார் ஓர் அக்கா. அண்ணனுக்குக் குரல் சுத்தமாக இல்லை. சைகையிலேயே குட்டியானைக்காரருடன் வாடகை பேசி, சைகையிலேயே ஐம்பது ரூபாய் குறைத்துவிட்டார். மதியம் பந்தலா என்று கேட்ட மஞ்சள் சட்டை கேட்டருகில் எதிர்ப்பட்டான். துணியை மறுபடி தட்டிப் பார்த்து, கட்டை விரலைத் தூக்கினான். சென்ட்ரலுக்கு எந்தப் பக்கம் சீக்கிரம் போகலாம் என்றும் கேட்டான். பிரியாணிக் கடை வரை எங்களோடுதான் வந்தான்.

மிச்ச சீசன் மூச்சுவிட நேரம் தரவில்லை. மார்ச் 31-ஆம் தேதி கொல்கத்தாவில் மோகன் பகானோடு ஆட்டம். மாடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி புரொஜெக்டர் போட்டோம். முதலில் வாங்கினோம், பிறகு முர்ரேயும் எட்வர்ட்ஸும் அடித்து முந்தினோம், முடியும் நேரத்தில் பெனால்டியில் சமன், அதற்கும் மேலே கூடுதல் நேரத்தின் கடைசியில் இர்ஃபான் யாத்வாத் அடித்தாரே ஒன்று! 3-2. வேட்டி அறுந்து விழுந்தது. கீழ்வீட்டு அம்மா மாடிக்கே வந்துவிட்டார், திட்ட அல்ல, யார் அடித்தது என்று கேட்க. ஆறாம் இடம் பிடித்து, 2019-20-க்குப் பிறகு முதன்முறையாக பிளே-ஆஃப். ஏப்ரல் 20, கோவா. சிர்கோவிச் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தும் 2-1 என்று முடிந்துபோனது. அன்று மாடியில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. தாத்தா மட்டும், "அடுத்த வருஷம் முழு உருவமா வரைவோம், கை காலோட" என்றார்.

மே மாதத்தில் சைடன்ஹாம்ஸ் ரோட்டில் அந்தக் குட்டிப் பையனைப் பார்த்தேன். அப்பாவோடு ஷூ வாங்க வந்திருந்தான். ஒரு சாண் வளர்ந்திருக்கிறான்.

"அடுத்த சீசன் பந்து எடுக்க நான் வரமாட்டேன்கா. ட்ரையல்ஸ் போறேன்."

"எந்த இடத்துல ஆடப்போற?"

"லெஃப்ட் பேக்."

கடைக்காரர் எடுத்துப் போட்ட நான்கு ஜோடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஸ்டட்டை நகத்தால் சுரண்டி, "இது மண்ணுல ரெண்டு மாசம்தான்ணா தாங்கும், வேற காட்டுங்க" என்றான். அப்பா விலையைக் கேட்டார். பையன் காலுறைக்கும் சேர்த்துப் பேரம் பேசத் தொடங்கினான்.